வெயில் தேடி ஒரு செலவு

லெஸ்டரில் இருக்கும் என் பெரியம்மா மகள் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி இது: "உறைமோரை பிரான்சுக்குள்ள கொண்டு போக விடுவாங்களாடா?" நலம் விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

விடமாட்டார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகி, இடைக்கால ஏற்பாடும் முடிந்த 2021 ஜனவரி 1 முதல், அங்கிருந்து வருகிற பயணி பால், தயிர், நெய், இறைச்சி எதையும் ஒன்றியத்து நாடுகளுக்குள் எடுத்துச் செல்லக் கூடாது. கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் வேண்டாம். சான்றிதழ் கேட்காத ஐந்து பழங்களின் பட்டியலில் அவை இரண்டும் இருக்கின்றன. மற்றவை அன்னாசி, பேரீச்சை, டுரியன். இதைச் சொன்னதும் அக்கா, "அப்போ தேங்காய் உடைச்சு சாமி கும்பிடலாம், தயிர்சாதம் மட்டும் சாப்பிட முடியாது" என்றாள்.

அக்காவுக்கு 64 வயது. செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தானுக்கு 67. நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இருவரும் பழைய மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். வருகிற ஜனவரியில் அதில் ஏறி, டோவரில் கப்பல் பிடித்து, பிரான்சை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து, ஸ்பெயினின் தென்கிழக்குக் கடற்கரைக்குப் போய், குளிர் முடியும் வரை அங்கேயே இருந்துவிட்டு வருவது என்று திட்டம்.

கேரவன் என்றால் தமிழ் வாசகருக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் குளிர்பதன வண்டிதான். இது வேறு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, சூடேற்றி எல்லாம் ஒரே வேனுக்குள் அடங்கிய வீடு. ஐரோப்பாவின் வடக்கு நாடுகளில் ஓய்வு பெற்றவர்கள் பலர் ஆண்டுதோறும் இப்படி வீட்டை ஓட்டிக்கொண்டு தெற்கே இறங்குகிறார்கள். பாரிஸில் டிசம்பர் கடைசியில் பகல்பொழுது எட்டேகால் மணி நேரம்தான். மாலகாவில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளிடம் காரணம் கேட்டாலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லும்.

அக்கா ஒரு கோடு போட்ட நோட்டில் திட்டத்தை எழுதி வருகிறாள். அட்டையில் தமிழில் 'செலவு' என்று தலைப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் எழுதியது வரவு செலவுக் கணக்கின் செலவு. சங்கத் தமிழில் அந்தச் சொல்லுக்குப் பயணம் என்றுதான் பொருள். செல்வது செலவு. முதுகலையில் படித்ததெல்லாம் இப்படி எப்போதாவது உதவுகிறது. சட்ட திட்ட ஆங்கிலத்தைத் தமிழாக்குவது என் பிழைப்பு என்பதால், கடந்த ஒரு மாதமாக அந்த நோட்டுக்கு நான்தான் உரையாசிரியர். அத்தானுக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் தெரியும். ஆனால் அரசாங்கம் எழுதும் ஆங்கிலத்தைச் சொந்த மொழியில் கேட்டால்தான் நம்பிக்கை வருகிறதாம்.

நோட்டில் நான்கு பத்திகள். நாள், கிலோ, டிகிரி, இடம். சுதந்திரமாகச் சுற்றுவதற்காக வாங்கிய வண்டிக்கு இத்தனை கணக்கா என்று முதலில் நினைத்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தபோது கணக்கில்தான் உயிரே இருக்கிறது என்று புரிந்தது.

முதலில் நாள். முன்பெல்லாம் பிரிட்டிஷ்காரர்கள் நவம்பரில் ஸ்பெயினுக்குப் போனால் மார்ச் கடைசியில் திரும்புவார்கள். யாரும் நாட்களை எண்ணவில்லை. 2021 முதல் அவர்களும் மூன்றாம் நாட்டுக் குடிமக்கள். ஷெங்கன் பகுதியைச் சேர்ந்த 29 நாடுகளிலும் சேர்த்து, எந்த 180 நாள் இடைவெளியை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. நமக்கு எப்போதும் இருந்த விதி இது. விசா கேட்டு வரிசையில் நிற்கும் வேலை மட்டும் அவர்களுக்கு இல்லை. "உன் பாஸ்போர்ட்டும் என் பாஸ்போர்ட்டும் இந்த ஒரு விஷயத்துல ஒண்ணுடா" என்றாள் அக்கா. 40 ஆண்டுக்கு முன் இந்தியப் பாஸ்போர்ட்டோடு விமானம் ஏறியவள் அவள்.

இந்த விதியில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 180 நாள் என்பது ஜனவரி முதல் ஜூன் வரை என்பது போன்ற நிலையான அரையாண்டு அல்ல. ஒவ்வொரு நாளும் அன்றிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ண வேண்டும். உள்ளே நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் முழு நாளாகவே கணக்கில் சேரும். அக்காவும் அத்தானும் இந்த அக்டோபரில் பாரிஸில் ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனார்கள். 18 முதல் 23 வரை, ஆறு நாள். அந்த ஆறு நாளும் இப்போது வந்து வழியை மறிக்கிறது. ஜனவரி 8-ஆம் தேதி கலே துறைமுகத்தில் இறங்கினால் கையில் இருப்பது 90 நாள் அல்ல, 84 நாள். கடைசி நாள் ஏப்ரல் 1. கல்யாண நாட்கள் கணக்கிலிருந்து உதிரத் தொடங்குவது ஏப்ரல் நடுவில்தான். அதற்குள் பயணமே முடிந்துவிடும்.

முத்திரை மங்கலாக விழுந்தது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையையும் முகப்படத்தையும் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. நாட்களை இப்போது கணினியே எண்ணுகிறது.

ஐந்து மாதக் குளிருக்கு 84 நாள். எந்த 84 நாள் என்பதில் அக்காவுக்கும் அத்தானுக்கும் இரண்டு வாரம் வழக்கு நடந்தது. அத்தான் டிசம்பர் முதல் வாரமே கிளம்ப வேண்டும் என்றார். அக்கா ஜனவரி என்றாள். டிசம்பரில் கிளம்பினால் திரும்பும் பயணம் பிப்ரவரிக் கடைசியில் வரும். அப்போதும் பிரான்சில் உறைபனி இருக்கும். ஜனவரியில் கிளம்பினால் போகும்போது மட்டும்தான் குளிர். மார்ச்சில் பகலும் நீண்டிருக்கும், மூடிய முகாம்கள் சிலவாவது திறக்கத் தொடங்கியிருக்கும். தமிழ்க் கணக்கில் சொன்னால், மார்கழிக் கடைசியில் கிளம்பிப் பங்குனியில் திரும்புவது. அக்கா கட்சி ஜெயித்தது.

இரண்டாவது கிலோ. சாதாரண கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய வண்டியின் உச்ச எடை 3,500 கிலோ. அவர்கள் வண்டியும் அந்த வகைதான். அதைத் தாண்டினால் பிரான்சில் சுங்கச்சாவடிக் கட்டணம் வேறு, வேக வரம்பு வேறு; 2021 முதல், ஓட்டுநர் கண்ணுக்குப் படாத கோணங்களைக் காட்டும் எச்சரிக்கை ஒட்டுப்படங்களையும் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியாக வேண்டும். அத்தான் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார். வெறும் வண்டி 2,980 கிலோ. மிச்சம் 520. இருவர் உடல் எடை, 100 லிட்டர் தண்ணீர், வாயு, கூடுதல் பாட்டரி, போர்வைகள், கருவிப்பெட்டி என்று கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் இரண்டு சைக்கிளா, கிரைண்டரா என்று வந்து நின்றது. சைக்கிள் இறங்கியது. கிரைண்டர் இருக்கிறது. ஓடும்போது தண்ணீர்த் தொட்டியில் 30 லிட்டர் மட்டும் வைத்துக்கொண்டு, தங்கும் இடத்தில் நிரப்பிக்கொள்வதென்று சமாதானம் ஆனது.

உயரத்துக்கும் கணக்கு உண்டு. பிரான்சின் சுங்கச்சாலைகளில் மூன்று மீட்டரை எட்டாத வண்டி இரண்டாம் வகுப்பு. மூன்று மீட்டரை எட்டிவிட்டால், எடை குறைவாக இருந்தாலும் மூன்றாம் வகுப்பு. வண்டிக்கூரையில் முந்தைய சொந்தக்காரர் மாட்டிய தொலைக்காட்சி ஆன்டெனாவை அத்தான் கழற்றி வைத்துவிட்டார்.

மூன்றாவது டிகிரி. இங்கேதான் எனக்கே தெரியாத சங்கதி ஒன்று கிடைத்தது. நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது பியூட்டேனும் புரொபேனும் கலந்த வாயு. இதில் பியூட்டேன், வெப்பம் பூஜ்யம் டிகிரிக்கு வந்தால் ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டர் நிறையத் திரவம் இருக்கும், அடுப்பு எரியாது. சென்னையில் இந்தத் தொல்லை எந்த ஜன்மத்திலும் வராது. புரொபேன் மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும். ஆகவே குளிர்காலப் பயணத்துக்குப் புரொபேன்தான்.

அடுத்த சிக்கல், சிலிண்டர் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டிஷ் சிலிண்டரைக் கொடுத்து பிரான்சில் மாற்ற முடியாது. அதற்காக அத்தான் வண்டியிலேயே நிரப்பிக்கொள்ளும் தொட்டி பொருத்தியிருக்கிறார். வாகன எரிவாயு விற்கும் நிலையங்களில் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் பிரிட்டனில் குழாயின் வாய் ஒரு மாதிரி, பிரான்சில் இன்னொரு மாதிரி, ஸ்பெயினில் மூன்றாவது மாதிரி. இணைப்புகளை ஒரு டப்பாவில் போட்டு எந்த நாட்டுக்கு எது என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். பொங்கல் அன்று பிரான்சின் தென்மேற்கு மூலையில், பயோன் ஊர்ப்பக்கம், இருப்பார்கள். பானை பொங்க வேண்டுமானால் அந்த டப்பா வேண்டும்.

தண்ணீரும் டிகிரிக்குக் கட்டுப்பட்டது. இத்தகைய வண்டிகளின் வெந்நீர்க் கொதிகலனில் ஒரு வால்வு உண்டு. சுற்றுப்புறம் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் தானாகத் திறந்து தண்ணீரையெல்லாம் வெளியே கொட்டிவிடும். உள்ளே உறைந்து கொதிகலன் வெடிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. விஷயம் தெரியாதவர்கள் காலையில் எழுந்து, யாரோ தண்ணீரைத் திருடிவிட்டார்கள் என்று நினைப்பார்கள். இரவு முழுக்க சூடேற்றி ஓட வேண்டும். அப்படி ஓடும்போது காற்றுத் துவாரத்தைக் குளிருக்குப் பயந்து அடைக்கக் கூடாது. மூச்சும் சமையல் ஆவியும் உள்ளேயே தங்கினால் மெத்தை ஈரமாகும். அதைவிட, கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் வாசனைகூட வராது, தூக்கத்திலேயே ஆள் காலி. அதற்கான எச்சரிக்கை மணியைக் கட்டிலுக்கு அருகே மாட்டிய பிறகுதான் மற்ற சாமான்களை ஏற்றினாள் அக்கா.

டயருக்கும் பருவம் உண்டு. பிரான்சின் மலைப்பகுதிகளில் குறிப்பிட்ட ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை பனிக்கால டயர் பூட்டியிருக்க வேண்டும் அல்லது சக்கரத்துக்குச் சங்கிலி கையில் வைத்திருக்க வேண்டும். 2021-இல் வந்த விதி. 2024 நவம்பரிலிருந்து மூன்று சிகர மலையும் பனித்துளியும் பொறித்த டயர்தான் பனிக்கால டயராகச் செல்லும். இவர்கள் போகும் வழி பெரும்பாலும் சமவெளி. இருந்தாலும் அத்தான் சங்கிலி வாங்கிவிட்டார். வாங்கியதோடு நிற்காமல், வீட்டு வாசலில் நல்ல வெளிச்சத்தில் அதை மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பழகினார். பேருந்து ஓட்டியவரின் புத்தி அது. இருட்டில் பனியில் மண்டியிட்டுக்கொண்டு விளக்கப் புத்தகம் படிக்க முடியாது.

இனி வழி. கலேயிலிருந்து ரூவான், லெ மான், தூர், புவாத்தியே, போர்தோ, பயோன், அப்புறம் எல்லைக்கு அப்பால் ஸ்பெயினின் இரூன். ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோடையில் இரண்டு நாளில் விரட்டிவிடலாம். அக்கா ஆறு நாள் ஒதுக்கியிருக்கிறாள். வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுவது, நாலு மணிக்குள் நிறுத்திவிடுவது என்று சட்டம். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் படாதபடி ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டும். வீட்டுக் கதவு நடைபாதைப் பக்கம் திறக்காமல் சாலைப் பக்கம் திறக்கும் என்பதையும் ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டும்.

கப்பலில் நேராக ஸ்பெயினுக்கே போய்விடலாமே என்று கேட்டேன். போர்ட்ஸ்மத்திலிருந்து வடக்கு ஸ்பெயினின் சாந்தாந்தேர் துறைமுகத்துக்குக் கப்பல் உண்டு. பயணம் ஒரு நாளுக்கும் மேல். வழியில் பிஸ்கே வளைகுடா. ஜனவரியில் அது எப்படிக் குலுக்கும் என்பது கப்பலோட்டிகளுக்குப் பழைய கதை. அத்தானுக்கு இரண்டு ஆண்டுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நடுக்கடலில் நெஞ்சைப் பிடித்தால் அடுத்த மருத்துவமனை எங்கே என்று அக்கா கேட்டாள். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஸ்பெயினுக்குள் நுழைந்ததும் வெயில் என்பது சுற்றுலாச் சுவரொட்டி சொல்வது. எல்லை தாண்டி நேர்வழியில் போனால் வருவது நடு ஸ்பெயினின் மேட்டுநிலம். புர்கோஸ் நகரம் கடல்மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போவது அங்கே வாடிக்கை. 2021 ஜனவரியில் ஃபிலோமெனா என்ற புயல் மாட்ரிட் தெருக்களில் அரை மீட்டர் அளவுக்குப் பனியைக் கொட்டித் தலைநகரையே முடக்கியது. அதனால் நோட்டில் இரண்டு வழி எழுதியிருக்கிறது. வானிலை நன்றாக இருந்தால் புர்கோஸ், மாட்ரிட் வழி. மோசமானால் பாம்ப்லோனா, சரகோசா வழியாக எப்ரோ ஆற்றுச் சமவெளியில் இறங்கி, தாரகோனாவில் மத்தியதரைக் கடலைப் பிடித்து, கரையோரமாகவே தெற்கே போவது. தூரம் அதிகம், உயரம் குறைவு. சரகோசாவிலிருந்து கடற்கரை வரைக்கும் சுங்கக் கட்டணம் 2021 ஆகஸ்ட் கடைசியில் நீக்கப்பட்டுவிட்டது. எந்த வழி என்பதை இரூனில் நின்று முடிவு செய்வது. அதற்காக இரண்டு நாள் உபரி.

நான்காவது பத்தி, இடம். இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது? இதில்தான் மொழிபெயர்ப்பாளனுக்கு வேலை வந்தது.

பிரான்சில் பல சிற்றூர்கள் இத்தகைய வண்டிகளுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கின்றன. தண்ணீர் பிடிக்கலாம், கழிவுநீரைக் கொட்டலாம், இரவு தங்கலாம். அந்த இடத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ஏர்'. அகராதியைப் புரட்டினால் அதன் பழைய பொருள்களில் ஒன்று, கதிரடிக்கும் களம். நம் 'களம்' என்ற சொல்லும் அதே இரண்டு பொருளையும் தாங்குகிறது. ஊர்க் களத்தில் வண்டியை அவிழ்த்துப் போட்டு இரவு தங்கிப் போன நம் பழைய மாட்டுவண்டிப் பயணிகளுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியிருக்காது. இதைத் தவிர, பிரான்ஸ் பாசியோன் என்ற அமைப்பில் சேர்ந்தால் திராட்சைத் தோட்டக்காரர்களும் விவசாயிகளும் தங்கள் இடத்தில் ஒரு நாள் இலவசமாக நிறுத்த விடுவார்கள். குளிர்காலத்தில் ஒரு சங்கடம்: குழாய் வெடிக்காமல் இருக்கப் பல களங்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். நகராட்சி முகாம்களில் பெரும்பாலானவை வசந்தம் வரை மூடியிருக்கும். ஆகவே ஒவ்வொரு இரவுக்கும் ஓர் இடம், அது இல்லாவிட்டால் இன்னோர் இடம் என்று இரண்டிரண்டாக எழுதியிருக்கிறாள்.

ஸ்பெயினில் வேறு இலக்கணம். அங்கே 'நிறுத்துவது' வேறு, 'முகாமிடுவது' வேறு. வண்டி நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் சக்கரம் மட்டும் தரையில் படும்படி நிறுத்தினால், உள்ளே நீங்கள் தூங்கினாலும் சமைத்தாலும் அது நிறுத்தியதுதான். வெளியே ஒரு நாற்காலி போட்டாலும், பந்தல் விரித்தாலும், கழிவுநீர் சொட்டினாலும் அது முகாமிட்டது. பொது இடத்தில் முகாமிட்டால் அபராதம். கடற்கரைப் பொதுநிலத்திலோ அனுமதியின்றி வண்டியை நிறுத்துவதையே 1988-ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டம் தடுக்கிறது. ஒரே வண்டி, ஒரே இடம், ஒரு நாற்காலி வினைச்சொல்லை மாற்றிவிடுகிறது.

இன்னொரு சொல்லையும் நோட்டில் சிவப்பு மையில் எழுதச் சொன்னேன். 'ராம்ப்லா'. மணல் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மழை இல்லாத நாளில் வறண்டு, அகலமாய், சமமாய், வண்டி நிறுத்துவதற்கென்றே செய்தது போல இருக்கும். அது காட்டாற்றின் படுகை. 1996 ஆகஸ்டில் பிரனீஸ் மலையடிவாரத்து பியெஸ்காஸ் ஊரில், ஓடையின் வழியில் அமைத்திருந்த முகாமை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோது 87 பேர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 29-இல் வலென்சியா பகுதியில் வந்த வெள்ளத்தில் 220-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வறண்ட ஓடைகள் சில மணி நேரத்தில் நிரம்பிய கதை அது. ஏரியில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று சென்னைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

போய்ச் சேர வேண்டிய இடம் அல்மேரியா மாவட்டத்துக் கடற்கரை. கபோ தெ காத்தா என்ற முனை. ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. வெயிலுக்காக அக்கா தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுத்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. லெஸ்டர் கடையில் ஜனவரியில் அவள் வாங்கும் தக்காளிப் பெட்டியின் மேல் இருக்கும் ஊர்ப் பெயரும் அதுவே.

அல்மேரியாவில் 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரை போட்ட பசுமைக்குடில்கள். வானிலிருந்து பார்த்தால் வெள்ளைக் கடல். குளிர்கால ஐரோப்பாவின் காய்கறிக்கூடை அது. அதற்குள் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் மொராக்கோவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மரப்பலகையையும் கழித்துப்போட்ட பிளாஸ்டிக்கையும் கொண்டு குடிசை கட்டி வாழ்கிறார்கள். தண்ணீர் இணைப்பு இல்லை, மின்சாரம் இல்லை. நிஹார் நகராட்சியில் எல் வாலிலி என்ற அத்தகைய குடியிருப்பு 2023 ஜனவரியில் இடித்துத் தள்ளப்பட்டது.

ஒரே கடற்கரையில் இரண்டு வகைத் தற்காலிக வீடுகள். ஒன்றில் இருப்பவர் 90 நாள் வெயில் காய வந்தவர். இன்னொன்றில் இருப்பவர் ஆண்டு முழுக்க வெயிலில் நின்று தக்காளி பறிப்பவர். இரண்டு வீட்டுக்கும் நிலத்தில் உரிமை கிடையாது. ஒன்றுக்குச் சக்கரம் உண்டு என்பது பெரிய வித்தியாசம். இடிக்க வருவதற்குள் கிளம்பிவிடலாம். இதை அக்காவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆசையாகக் கிளம்புகிறவளிடம் எதற்கு என்று தோன்றியது. கடைசியில் அவளே படித்துவிட்டுச் சொன்னாள்: "போகாம இருந்தா அவங்களுக்கு என்ன லாபம்? போய்ப் பாக்காம தக்காளி மட்டும் தின்னுட்டு இருந்தேனே, அதுதான் தப்பு. அங்க எந்தச் சங்கம் இவங்களுக்கு வேலை செய்யுதுன்னு கேட்டு வைக்கணும்." நாலாவது பத்தியில் அதையும் எழுதியிருக்கிறாள்.

என்னையும் பிப்ரவரியில் இரண்டு வாரம் வரச் சொல்கிறாள். எனக்கு விசா வேண்டும். கட்டணம் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. அதோடு தங்குமிடச் சான்று. ஒவ்வோர் இரவும் எங்கே படுப்பாய் என்பதற்குத் தாள் காட்ட வேண்டும். சக்கரத்தில் ஓடும் வீட்டுக்கு எந்தக் கதவு எண்? எனக்காகவே அவர்கள் அந்த இரண்டு வாரத்தை ஒரே முகாமில் முன்பதிவு செய்து ரசீது அனுப்பப் போகிறார்கள். குளிர்காலத்தில் அந்தக் கரையில் முகாம்கள் நிரம்பி வழியும் என்பதால் இப்போதே செய்தாக வேண்டும். நாடோடியாகத் திரிய ஆசைப்பட்டவர்கள் தம்பிக்காக 14 நாள் ஓரிடத்தில் குடியிருக்க வேண்டியதாயிற்று.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். ஐந்தாவதாக ஒரு பத்தி முளைத்திருந்தது. தலைப்பு 'கையிருப்பு'. அதில் நாள் 10 என்று இருந்தது. 84 நாள் அனுமதி இருக்க, திரும்பும் கப்பலை மார்ச் 22-க்குப் போட்டிருக்கிறாள். அதாவது 74-ஆம் நாள். ஏன் பத்து நாளை வீணாக்குகிறாய் என்று கேட்டேன்.

சொன்னாள். அவர்களுடைய பழைய காப்பீட்டுப் பத்திரத்தின் சிறிய எழுத்தில், ஒரே பயணம் 31 நாளைத் தாண்டக் கூடாது என்று இருந்ததாம். நல்ல வேளையாகக் கண்ணில் பட்டது. நீண்ட பயணத்துக்கென்று தனியாக, ஸ்டென்ட் விவரத்தையும் மறைக்காமல் எழுதி, வேறு எடுத்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அரசு தரும் சுகாதார அட்டையைக் காட்டினால் ஸ்பெயின் அரசு மருத்துவமனையில் அவசியமான சிகிச்சை கிடைக்கும். ஆனால் நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அதில் வராது. மருந்து மூன்று மாதத்துக்குத்தான் கைவசம் இருக்கும். வண்டி பழுதாகி உதிரி பாகத்துக்குக் காத்திருந்தாலும், அத்தான் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் நாட்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அப்போது கையில் பத்து நாளாவது இருக்க வேண்டும். முப்பது ஆண்டு வார்டில் நின்றவள். "நாளை முழுசாச் செலவு பண்ணிட்டு வர்றவங்களை எத்தனையோ பேரைப் பார்த்துட்டேன்டா" என்றாள்.

அகத்திணையில் 'செலவழுங்குதல்' என்று ஒரு துறை உண்டு. பயணம் கிளம்ப நினைத்த தலைவன், தலைவியை நினைத்துத் தயங்கி நிற்பது. பாலைநிலத்து வெயிலுக்கு அஞ்சிப் பாடப்பட்டவை அவை. இந்தத் தலைவனும் தலைவியும் வெயிலைத் தேடிச் சேர்ந்தே போகிறார்கள். ஆனாலும் இரண்டு மாதமாக நோட்டு எழுதுவதும் அடிப்பதும் நாளைத் தள்ளுவதுமாக இருந்தார்கள். இவர்கள் போகவே மாட்டார்கள் என்று நான் நினைத்ததுண்டு. இப்படித் தயங்கி நிற்பது போகாமல் இருப்பது அல்ல, உடனிருப்பவரைத் தேற்றிவிட்டுக் கிளம்பத்தான் என்று தொல்காப்பியம் அன்றைக்கே சொல்லியிருக்கிறது. பரீட்சைக்கு எழுதிய விடை இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

என் விசா விண்ணப்பம் மேசையில் பாதி நிரப்பியபடி கிடக்கிறது. தங்குமிடம் என்ற கட்டம் காலி. முகாம் ரசீது வந்ததும் நிரப்ப வேண்டும். அக்காவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன், விமானத்தில் கொண்டுவர. உறைமோர் வேண்டாம், அங்கேயே கடையில் தயிர் வாங்கி உறை ஊற்றிக்கொள்கிறாளாம். நல்ல பெரிய கோடு போட்ட நோட்டு ஒன்று போதும் என்றாள். இது தீர்ந்துவிட்டதாம்.